காசு விஷயத்தை என்னிடம் விட்டுவிடு, வேணி

சங்கரன்கோவில்,
தை மாதம்

அன்பு மகள் வேணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை விடுதியில் பேசக் கிடைக்கிற நேரத்தில் பாதி அம்மாவுக்கே போய்விடுகிறது. மீதியில் சாப்பிட்டாயா, சளி விட்டதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த பிள்ளை போனுக்காக உன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன். இதைப் பத்திரமாக வைத்துக்கொள், ஜூன் மாதம் வரை உனக்குத் தேவைப்படும்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "இன்ஜினியரிங்கே போயிடுதேம்ப்பா, ஏழரை சதவீதத்துல எல்லாம் ஃப்ரீ, உங்களுக்குச் செலவே கிடையாது" என்றாய். சொன்ன கையோடு தம்பியைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டாய். நீ சொன்ன தகவல் சரிதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடுகிறது. நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். உனக்கு கம்ப்யூட்டர்தான் பிடிக்கும் என்றால் நானே சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவேன். ஆனால் நீ சொன்னதில் பிடிக்கும் என்ற பேச்சே வரவில்லை. செலவு பற்றித்தான் இருந்தது.

பதினேழு வயதுப் பிள்ளை அப்பாவின் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் பொங்கலுக்கு நீ வந்துபோன பிறகு ஒவ்வொரு இடமாக விசாரித்தேன். சொசைட்டியில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து அறிவிப்புகளைப் படித்தேன், உன் பழைய கணக்கு சாரையும் போய்ப் பார்த்தேன். ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கணக்கை மட்டுமே ஆழமாகப் படிக்க நம் நாட்டில் இருக்கிற மிக நல்ல இடங்களில் பல, நம்மால் கட்ட முடிகிற இடங்கள். ஒன்றிரண்டில் படிக்கிறவர்களுக்கு அவர்களே மாதாமாதம் பணம் தருகிறார்கள். எந்த இடத்தில் யாரிடம் படிக்க வேண்டும் என்பதை மட்டும் நீ யோசி.

உனக்கு எதற்குக் கணக்கு என்று அத்தை கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது கணக்கு சார் ஒரு கேள்வி கொடுத்து அனுப்பினார், ஞாபகம் இருக்கிறதா? 1 முதல் 100 வரை உள்ள எண்களில் உனக்குப் பிடித்த 51 எண்களை எடுத்துக்கொள், அதில் எப்படியும் ஒரு எண் இன்னொரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கும், ஏன் என்பது கேள்வி. நீ சாப்பிடக்கூட வராமல் என் பையிலிருந்து பழைய சலான் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தாய். முதலில் 12, 48, 20, 7 என்று சும்மா எண்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போய், வகுக்க முடியாத இடத்தில் நிறுத்தினாய். 12-க்கு உள்ளே 3 மிஞ்சியது, 48-க்கு உள்ளேயும் 3 மிஞ்சியது. 20-க்கு உள்ளே 5. அதைப் பார்த்ததும் எழுந்து வந்தாய். "அப்பா, உள்ள மிஞ்சுறது எப்பவுமே ஒத்தைப்படை எண்தான். நூறுக்குள்ள ஒத்தைப்படை அம்பதுதான் இருக்கு. நான் எடுத்தது அம்பத்தொண்ணு. அப்போ ரெண்டு எண்ணுக்கு உள்ள ஒரே ஒத்தைப்படை வந்தே தீரணும். அந்த ரெண்டுல சின்னது பெருசை வகுத்துரும்." எனக்குப் புரிய நீ மறுபடி ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சலானை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

விடை கண்டுபிடிக்கிற பிள்ளைகள் உன் வகுப்பில் நிறைய பேர் இருப்பார்கள். ஏன் எப்போதுமே அப்படித்தான் வரும் என்று தெரியாமல் சாப்பிட வராத பிள்ளையை நான் வேறு பார்த்ததில்லை. அந்தக் குணத்துக்கு ஏற்ற படிப்பு இருக்கிறது. அதைத்தான் தேடினேன்.

முதலில் ஐஎஸ்ஐ, இந்தியப் புள்ளியியல் நிறுவனம். கொல்கத்தாவில் மகலநோபிஸ் 1931-ல் தொடங்கியது. 1959-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. அங்கே இளங்கலையில் உனக்கான படிப்பு இரண்டு. புள்ளியியல் பட்டமான பி.ஸ்டாட் கொல்கத்தாவில், கணிதப் பட்டமான பி.மேத் பெங்களூரில். படிப்புக் கட்டணம் கிடையாது. அதோடு மாதம் 5000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். ஒழுங்காகப் படித்துத் தேறிக்கொண்டே வந்தால்தான் அது தொடரும், அது நியாயம்தான். மெஸ் செலவுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மேற்செலவுக்கு நான் அனுப்புகிறேன். தம்பி படிப்பில் கை வைக்காமல் மாதம் ஐயாயிரம் வரை உனக்கு என்னால் அனுப்ப முடியும். இதைச் சும்மா சொல்லவில்லை, பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அங்கே நுழைவது எளிதில்லை. ஐஎஸ்ஐயே மே மாதம் ஒரு தேர்வு வைக்கிறது, அதில் தேறினால் நேர்முகம். காலையில் 30 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி. பிற்பகல் தாளில் 8 கணக்குகள், இரண்டு மணி நேரம். அதில்தான் விஷயமே இருக்கிறது. விடை மட்டும் எழுதினால் போதாது, நிரூபித்துக் காட்ட வேண்டும். எட்டையும் யாரும் போட்டுவிடுவதில்லை என்று சார் சொன்னார். மூன்று நான்கை அப்பழுக்கில்லாமல் எழுதினாலே நல்ல நிலை என்பது அவர் கணிப்பு. ஐஐடி, என்ஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ-க்கு நீ பழகியிருக்கிற வேகம் அங்கே அவ்வளவாகக் கை கொடுக்காது. ஒரே கணக்கோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிற பொறுமை கை கொடுக்கும். அது உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

சீனிவாச வரதன் என்று ஒருவர் இருக்கிறார். 1940-ல் சென்னையில் பிறந்தவர். அவருடைய அப்பா பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு 1959-ல் கொல்கத்தா ஐஎஸ்ஐ போனார். தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பார்க்கிற புள்ளியியல் வேலைக்குப் போகலாம் என்ற எண்ணத்தில்தான் போயிருக்கிறார். அங்கே கே.ஆர். பார்த்தசாரதி, ரங்கா ராவ், வி.எஸ். வரதராஜன் என்று அவரைப் போன்ற இளைஞர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆளுக்காள் கேள்வி கேட்டு, தங்களுக்குள்ளேயே பாடம் நடத்திக்கொண்டு, தூய கணிதத்துக்குள் அவரை இழுத்துவிட்டார்கள். 2007-ல் வரதனுக்கு ஏபல் பரிசு கொடுத்தார்கள். கணிதத்தில் அதற்கு மேல் பெரிய பரிசு இல்லை என்றே சொல்லலாம்.

நான் இதில் பார்ப்பது பரிசை இல்லை. அந்த மூன்று பேரைப் பார்க்கிறேன். இப்போது உன் பள்ளியில் நீ ஒரு கணக்கை வேறு வழியில் போட்டால் அதைக் கேட்க ஆள் இல்லை என்று பொங்கலன்று அம்மாவிடம் சொன்னாயே, அது என் காதிலும் விழுந்தது. உன்னைவிடக் கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் இருக்கிற அறையில் நீ உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரி நல்ல கல்லூரியா என்று கேட்டால் கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் காட்டுகிறார்கள். கணக்குப் படிக்கிறவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்களும் கரும்பலகையில் எழுதுகிறவரும்தான் கல்லூரி.

அடுத்தது சிஎம்ஐ, சென்னை கணிதவியல் நிறுவனம். சிறுசேரி சிப்காட்டுக்குள் இருக்கிறது. சி.எஸ். சேஷாத்ரி என்ற பெரிய கணித மேதை 1989-ல் தொடங்கியது. 1998 முதல் இளங்கலை நடத்துகிறார்கள். கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் உண்டு. உனக்குக் கம்ப்யூட்டர் மேலும் ஒரு கண் இருக்கிறது என்றால் இதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தெரியவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களே முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்களை பாரிஸில் உள்ள எகோல் நார்மால் சுப்பீரியர் என்ற உயர்கல்வி நிறுவனம் வரை அனுப்பிவைக்கிறார்கள். ஆனால் வேணி, இது ஐஎஸ்ஐ மாதிரி இலவசம் இல்லை. கட்டணம் லட்சத்தில் போகிறது. அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் போடாமல் இருந்துவிடாதே. முழுதாகவோ பாதியாகவோ கட்டண விலக்கு கொடுக்கிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கிற தொகையும் கடைசியில் நம் கையிலிருந்து போகிற தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதலில் தேறு, பிறகு விலக்குக்கு எழுதுவோம், அதற்குப் பிறகும் பாக்கி நின்றால் கடன் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

சிறுசேரியில் இன்னொரு வசதி உண்டு. இங்கே பொதிகையில் ஏறினால் காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். அம்மாவின் ஓட்டு சிஎம்ஐக்குத்தான்.

ஐஎஸ்ஐ, சிஎம்ஐ இரண்டு தேர்வுக்கும் பழைய வினாத்தாள்கள் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கின்றன. பல வருடத் தாள்களைப் பிரிண்ட் எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கேள்வி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று பயப்படாதே. தமிழ் வழியில் படித்த பிள்ளை நீ, ஜேஇஇ மெயின் தமிழிலும் இருந்தது, இது இருக்காது. ஆனால் கணக்கு எழுதத் தேவைப்படுகிற ஆங்கிலம் கொஞ்சம்தான். லெட், சப்போஸ், தேர்ஃபோர், இஃப் அண்ட் ஒன்லி இஃப் என்று ஒரு கை வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். தினமும் ஒரே ஒரு நிரூபணத்தை முழு வாக்கியங்களாக ஆங்கிலத்தில் எழுது. சலான் பின்பக்கத்தில் போட்டாயே, அந்த 51 எண் கணக்கையே முதலில் எழுதிப் பார். ஒரு படி எழுதினால் அடுத்த படி ஏன் வருகிறது என்பதையும் எழுது. எழுதியதை உன் கணக்கு மிஸ்ஸிடம் காட்டித் திருத்தி வாங்கு. நீ மனதுக்குள் தாண்டிப் போகிற படிகளைத் தாளில் தேடுகிறவர்கள்தான் மார்க் போடுகிறார்கள்.

கணித ஒலிம்பியாடில் ஆர்எம்ஓ என்ற வட்டாரச் சுற்றோடு நின்றது பற்றி இன்னும் வருத்தப்படுகிறாயாம், உன் தோழி அம்மாவிடம் சொன்னாள். அடுத்த தேசியச் சுற்றான ஐஎன்எம்ஓவில் தேறியவர்களுக்கு இங்கெல்லாம் எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு கிடைக்கிறது. நமக்கு அது இல்லை, அவ்வளவுதான். அதற்காகப் படித்தது எதுவும் வீணாகவில்லை, இந்தத் தேர்வுகளுக்கு அதே படிப்புதான்.

இந்த இரண்டோடு நின்றுவிடக் கூடாது. சில நூறு பேர்கூடச் சேராத இடங்கள் இவை. ஒரு நாள் காய்ச்சல் வந்தால் போயிற்று. அதனால் ஐஏடி தேர்வுக்கும் விண்ணப்பம் போடு. அது ஐஐஎஸ்இஆர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வு. ஏழு இருக்கின்றன. நமக்குப் பக்கம் திருவனந்தபுரமும் திருப்பதியும். திருவனந்தபுரம் வளாகம் விதுரையில் மலையடிவாரத்தில் இருக்கிறது, செங்கோட்டை தாண்டினால் வந்துவிடும். ஐந்து வருடம் சேர்ந்தாற்போல் பி.எஸ்., எம்.எஸ். முடிக்கலாம். இந்தத் தேர்வில் உயிரியலும் வரும், அதை ஒதுக்கிவிடாதே. பெங்களூர் ஐஐஎஸ்சி, அதாவது இந்திய அறிவியல் நிறுவனத்தின் நான்கு வருட அறிவியல் பட்டத்துக்கும் இந்த மதிப்பெண்ணையோ ஜேஇஇ மதிப்பெண்ணையோ வைத்துத்தான் எடுக்கிறார்கள். அங்கே படிப்புக் கட்டணம் வருடத்துக்கே 10,000 ரூபாய்தான், விடுதியும் மற்றதும் தனி. பெங்களூரில் ஒரு எல்கேஜி பிள்ளைக்கு அதைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று உன் மாமா சொல்கிறான். அப்புறம் நெஸ்ட் என்று ஒரு தேர்வு, புவனேசுவரத்தில் உள்ள நைசர் என்ற அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பையில் உள்ள அணுசக்தித் துறை மையத்துக்கும். அங்கே திஷா என்ற பெயரில் வருடம் 60,000 ரூபாய் உதவித்தொகையும், கோடையில் ஆராய்ச்சிப் பணிக்கு 20,000 ரூபாயும் தருகிறார்கள்.

நம் மாநில அரசும் 2022 பட்ஜெட்டில் ஒன்று அறிவித்தது. அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்ற உயர்ந்த இடங்களில் சேருகிற பிள்ளைகளின் இளங்கலைச் செலவை அரசே ஏற்றுக்கொள்ளும் என்று. ஏழரை சதவீதம் ஒன்றுதான் இலவசத்துக்கு வழி என்று நீ நினைத்தாயே, அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று இன்ஸ்பயர் உதவித்தொகை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது. பிளஸ் டூவில் அந்தந்தப் பாடத்திட்டத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியலோ கணிதமோ படிக்கிறவர்களுக்கு வருடம் 60,000 ரூபாய் கையில், 20,000 ரூபாய் கோடைகால ஆராய்ச்சிக்கு. சாதாரணக் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குப் படித்தாலும் இது கிடைக்கும். அதனால்தான் சொல்கிறேன், மார்ச் மாதப் பொதுத்தேர்வை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே. தமிழையும் ஆங்கிலத்தையும் கடைசி நேரத்துக்குத் தள்ளுகிற பழக்கம் உனக்கு இருக்கிறது. ராமானுஜன் கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களை விட்டதால்தான் கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை இழந்தார், கட்டணம் கட்ட வழியில்லாமல் அங்கிருந்து போனார். அவ்வளவு பெரிய மூளைக்கே அந்தக் கதி. இரண்டு மொழிப் பாடத்துக்கும் தினம் ஒரு மணி நேரம் கொடு.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால்? அதையும் பேசிவிடுவோம், மனதில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதினால் கை நடுங்கும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் ஒருங்கிணைந்த படிப்பு இருக்கிறது, கட்டணமும் குறைவு, அதற்கு சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் பி.எஸ்சி. கணக்கு வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மேலே சொன்ன சேஷாத்ரி லயோலா கல்லூரியில் படித்தவர். அவரோடு அதே கல்லூரியில் படித்த எம்.எஸ். நரசிம்மன், வட ஆர்க்காடு பக்கம் தண்டரை என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் லயோலாவில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பரீட்சைக்கு வெளியே இருக்கிற புதிய கணிதத்தைக் காட்டி, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள் என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டவர். இந்த இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். 1965-ல் இருவரும் சேர்ந்து நிரூபித்த தேற்றத்தை இன்றும் உலகம் முழுக்க அவர்கள் பெயரிலேயே சொல்கிறார்கள். ஒரு கல்லூரியில் ஒரே ஒரு ஆசிரியர் அப்படி அமைந்தாலும் போதும்.

அப்படிச் சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தால் நீ விடாமல் செய்ய வேண்டியது ஒன்று. எம்டிடிஎஸ் என்ற கோடைப் பயிற்சி முகாம் 1993 முதல் நடக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் பி.எஸ்சி. பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து நான்கு வாரம் கணக்கைக் கேள்வி கேட்டே சொல்லித் தருவார்களாம். தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதில் போய்வந்த பிள்ளைகள்தான் பிறகு ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியிலும், நுழைவுத் தேர்வு எழுதி ஐஎஸ்ஐ, சிஎம்ஐயிலும் எம்.எஸ்சி. சேருகிறார்கள் என்று சார் சொன்னார். மூன்று வருடம் தள்ளி அதே வாசல் மறுபடி திறக்கிறது.

இப்போது கடன். நான் சொசைட்டியில் உட்கார்ந்து கடன் மனுக்களைப் பார்க்கிறவன், உனக்கு நேராகவே சொல்கிறேன். படிப்புக்குக் கடன் வாங்குவதில் எனக்குப் பயம் இல்லை, எந்தப் படிப்புக்கு எவ்வளவு என்பதில்தான் பயம். 2024-ல் பிஎம் வித்யாலட்சுமி என்று மத்திய அரசின் கல்விக் கடன் திட்டம் வந்திருக்கிறது. தரவரிசையில் மேலே உள்ள கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தால் ஈடும் இல்லாமல் ஜாமீன்தாரரும் இல்லாமல் வங்கி கடன் தரும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கிற காலத்தில் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். நமக்குத் தேவைப்பட்டால் ஒன்றிரண்டு லட்சத்துக்குள் நின்றுவிடும், அதை நான் கட்டிவிடுவேன். ஆனால் டேட்டா சயின்ஸ் என்று பெயர் மாட்டி வருடம் ஐந்து லட்சம் கேட்கிற ஒரு தனியார் பல்கலைக்கழகத்து ஆள் நம் ஊரில் மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டான். கூட்டத்துக்குப் போனேன். அங்கே யார் கணக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன், ஏசி விடுதியைப் பற்றிச் சொன்னான். அந்த மாதிரி இடத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க மாட்டேன்.

கணக்கு படித்தால் வேலை என்ன என்று அத்தை மறுபடி கேட்பாள். டீச்சர் வேலை மட்டும்தான் என்று அவள் நினைக்கிறாள். ஐஎஸ்ஐ, சிஎம்ஐ முடித்தவர்களை வங்கி, நிதி நிறுவனம், காப்பீடு, தகவல் பாதுகாப்பு என்று தேடி எடுக்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போனால் அங்கேயும் நம் காசு போகாது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அமெரிக்காவில் கணக்கில் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அங்கேயே பாடம் எடுக்க வைத்துச் சம்பளமும் தருகிறார்கள். வெளிநாட்டுக்கு இளங்கலைக்கே போகலாமே என்று உன் மாமா சொல்கிறான். வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்த விண்ணப்பத்துக்கும் தேர்வுக்குமே நிறையச் செலவாகும். பட்டம் வாங்கிய பிறகு அவர்கள் செலவில் போய்க்கொள்.

அம்மாவுக்குக் கொல்கத்தா என்றால் கொஞ்சம் கலக்கம். அவ்வளவு தூரம் பெண் பிள்ளையை எப்படி என்று ராத்திரி கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஆச்சிதான், "பதினாறு வயசுல கட்டிக் கொடுத்து என்னைய அனுப்புனாவள்ளா, அது மட்டும் பக்கமா இருந்துச்சா? படிக்கத்தான போறா, போட்டும்" என்றாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொள். நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அவளிடம் தனியாக இரண்டு வார்த்தை சொல், பெங்களூரையும் கொல்கத்தாவையும் சேர்த்தே சொல்.

காகித வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. நம்மிடம் இருக்கிற பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலத்துக்கு மட்டும்தான் செல்லும். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி நான்-கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர் அல்லாதவர்) என்று மத்திய அரசு படிவத்தில் தாசில்தார் கையெழுத்தோடு தனியாக வாங்க வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நல்ல ரேங்க் எடுத்தும் மாநிலச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கடைசி நாளில் திண்டாடினான். பல இடங்களில் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அதனால் ஏப்ரல் முதல் வாரமே இ-சேவை மையத்தில் மனு போட்டுவிடுவேன். வருமானச் சான்றிதழ் வந்துவிட்டது. உன் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும், அதற்கு நீ நேரில் வர வேண்டியிருக்கும்.

ஐஎஸ்ஐ, சிஎம்ஐ, ஐஏடி, நெஸ்ட், சியுஇடி ஐந்துக்கும் விண்ணப்பம் திறக்கத் திறக்க நான் போட்டுவிடுகிறேன். கட்டணம் எவ்வளவு என்று நீ கேட்க வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ நாலும், உன் கையெழுத்து போட்ட வெள்ளைத்தாள் ஒன்றும் அடுத்த வாரம் மிஸ் மூலமாக அனுப்பு. அனுப்பியிருக்கிற பழைய தாள்களில் 8 கணக்கு உள்ள பகுதியை மட்டும் முதலில் எடு, எது பிடித்தது என்று ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல். எனக்குப் புரியவில்லை என்றாலும் கேட்பேன்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் சேர்த்தே பதிவு செய்வோம். எல்லா முடிவும் கையில் வந்த பிறகு, உனக்குப் பிடித்தது கம்ப்யூட்டர்தான் என்று நீ சொன்னால் அதற்கும் நான் சரி என்பேன். காரணம் மட்டும் அப்பாவுக்குச் செலவில்லை என்பதாக இருக்கக் கூடாது.

ராத்திரி தூங்கு. ஆச்சி சுட்ட அதிரசம் கொடுத்துவிட்டிருக்கிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு.

அன்புடன்,
அப்பா